நடுவில் உள்ள வெளிச்சம்

“கடைசி மூச்சு வரைக்கும் கட்டை விரல் ஓடிக்கிட்டே இருந்துச்சுங்குறேன்.”

“கண்ணு?”

“மூடித்தான் இருந்துச்சு. நெனவு திரும்பாதுன்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. விரல் மட்டும் நிக்கவே இல்ல. தஸ்பீஹ் எண்ணிக்கிட்டே போயிருக்காரு மனுசன். யாருக்குக் கெடைக்கும் இப்படி ஒரு மௌத்து?”

“பள்ளிவாசப் படியில விழுந்தவரு. சுபுஹு தொழுதுட்டு எறங்குனவரு. அதுக்கு மேல என்னா வேணும்?”

“எந்தக் கை மதினி?”

மூன்றாவது குரலைக் கேட்டதும் கொல்லை வாசலில் வாளிகளுக்கு நடுவே நின்று பேசிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் திரும்பினார்கள். பஹீமா செருப்பைக் கழற்றாமல் வாசற்படிக்கு வெளியே நின்றிருந்தாள். துப்பட்டாவின் ஓரத்தைப் பல்லில் கடித்திருந்தாள். இறந்து கிடப்பவர் அவளுடைய வாப்பா.

அண்ணன் மனைவி ஜன்னத் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். “வலது கை,” என்றாள், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதுபோல. பிறகு பக்கத்து வீட்டு நுஸ்ரத்தைப் பார்த்தாள்.

“நான் தகவல் சொன்னேன். வரச் சொல்லல,” என்றாள் நுஸ்ரத். “வரக்கூடாதுன்னும் சொல்லல. பெத்த வாப்பா.”

“முன்பக்கம் ஆம்பளைங்க இருக்காங்க. இப்படியே உள்ள வா,” என்றாள் ஜன்னத். “உங்க நானா உள்ளதான் நிக்கிறாங்க. எதுனா சொன்னா பதில் பேசாத.”

ஆறு வருடங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் பஹீமா காலை வைத்தாள். அருள்மணியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோட்டுச்சேரிக்குப் போனதோடு இந்த வாசல் அடைபட்டிருந்தது. அடைத்தது அவள் ‘நானா’ என்று கூப்பிடும் அண்ணன் ஜவஹர் அலி. வாப்பா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வரட்டும் என்றும் சொல்லவில்லை. இப்போது அருள்மணி தெருமுனையில் வண்டியோடு நிற்கிறான். மகளைத் திருவேட்டக்குடியில் அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவனும் உள்ளே வரலாமா என்பதைப் பற்றி வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

சமையலறையைத் தாண்டும்போது அவள் கண் தானாகவே நடைச் சுவருக்குப் போனது. ஆலிம் பட்டம் வாங்கிய மாமாவின் படத்துக்கும் கஃபாவின் படத்துக்கும் நடுவே அவளுடைய பள்ளிக்கூடப் படம் ஒன்று இருந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு நகைக்கடை நாட்காட்டி தொங்கியது. எதுவும் எடுக்கப்பட்டதாகவே தெரியவில்லை. நாட்காட்டி எப்போதும் அங்கேதான் இருந்தது என்று சுவர் சொன்னது.

முற்றத்தில் வேட்டிகளைத் திரையாகக் கட்டி வாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. ஒரு செம்பு, நிறுத்தம், பிறகு ஒரு செம்பு. அந்த நிறுத்தத்தில் வேறொரு சத்தமும் கேட்டது.

டிக்.

பஹீமா அசையாமல் நின்றாள்.

டிக். டிக்.

அவளுடைய முதுகுத்தண்டு வழியாக ஏசியின் குளிர் இறங்கியது. இந்த வீட்டில் ஏசி கிடையாது. சத்தம் கூடத்திலிருந்து வந்தது. கதவிடுக்கு வழியே பார்த்தாள். வெள்ளை விரிப்பின்மேல் வட்டமாக உட்கார்ந்த பெண்கள் கலிமா ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியின் ஆள்காட்டி விரலிலும் மோதிரம்போல மாட்டிய சின்னஞ்சிறு எண்ணும் கருவி. ஒவ்வொரு கலிமாவுக்கும் கட்டை விரல் பொத்தானை அழுத்தியது. அதுதான் சத்தம். அது மட்டும்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

*

காரைக்காலில் ஒரு தனியார் கண் மருத்துவமனையில் பஹீமாவுக்கு வேலை. பார்வையின் பரப்பை அளக்கும் இருட்டறை அவளுடையது. அறைக்குள் ஒரு வெள்ளைக் கிண்ணம் பக்கவாட்டில் படுத்திருக்கும், ஆளின் தலையே உள்ளே போகும் அளவுக்கு. நோயாளி அதன் விளிம்பில் தாடையை வைத்து, நெற்றியை ஒட்டி உட்கார வேண்டும். ஒரு கண்ணை மூடிவிடுவாள். கையில் ஒரு பொத்தானைக் கொடுப்பாள். பிறகு எல்லோரிடமும் சொல்வதையே சொல்வாள்: நடுவில் உள்ள வெளிச்சத்தை மட்டும் பாருங்க. ஓரத்தில் எங்காவது சின்னதாகப் புள்ளி மின்னினால் அழுத்துங்க. தேடாதீங்க. தாடையை அசைக்காதீங்க, பேசாதீங்க.

எந்தப் புள்ளிகளுக்கு அழுத்தவில்லையோ அந்த இடங்களைக் கருவி கறுப்பாக்கும். கண்ணில் எங்கெங்கே இருட்டு விழுந்திருக்கிறது என்று அப்படித்தான் தெரியவரும். கண் அழுத்தம் உள்ளவர்களுக்குத் தங்கள் இருட்டு தெரியாது. இல்லாத இடத்தைப் பக்கத்தில் உள்ளதை வைத்து மூளை நிரப்பிக்கொள்ளும். சுவரில் ஓட்டை இருக்கும், சுவர் முழுதாகத் தெரியும்.

போன வருட மழைக்காலத்தில் ஒருநாள் அவளிடம் வந்த பெயர்களில் நெய்னா முகம்மது என்ற வாப்பாவின் பெயரும் இருந்தது. வயதும் தெருவும் சரியாக இருந்தன. கூட வேலை பார்க்கும் பாரதிப்ரியாவை உள்ளே அனுப்பிவிட்டு அவள் வெளியே போயிருக்கலாம். போகவில்லை. முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டாள். விளக்கை அணைத்தாள்.

பாரதிப்ரியா கையைப் பிடித்து வாப்பாவை உள்ளே கொண்டுவந்து உட்கார வைத்தாள். கூட வந்தவர் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. நானா வெளியே இருந்தார்.

“வலது கண்ணை மூடுறேன்,” என்றாள் பஹீமா. தன் குரலைக் கொஞ்சம் அடியில் வைத்துப் பேசினாள். துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், குரலை வைத்து ஆளைச் சொல்லிவிடுகிறவர் அவர்.

“சரிம்மா.”

கண்மறைப்பை மாட்டும்போது அவள் விரல் அவருடைய தாடியில் பட்டது.

“கை சில்லுன்னு இருக்கே,” என்றார்.

“ஏசி.”

“ஆங். ஏசி.”

அதற்குமேல் அவர் பேசவில்லை. பேசக்கூடாது.

கருவிக்குப் பின்னால் அவளுக்கு ஒரு திரை உண்டு. நோயாளியின் கண் அதன் மூலையில் பெரிதாகத் தெரியும், கறுப்பு வெள்ளையில். கண் அலைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாப்பாவின் கண் உள்ளங்கை அகலத்துக்கு அவள் முன்னால் விரிந்திருந்தது. இமையில் ஒரு நரை. அது நேராக அவளையே பார்த்தது. பார்த்ததோ வெளிச்சத்தை. திரைக்கு இந்தப் பக்கம் யார் என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. அவள் அதிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் வாப்பாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டு அவள் ஒருநாளும் இருந்ததில்லை, சின்ன வயதில்கூட.

அவர் சில புள்ளிகளுக்கு அழுத்தினார். பல புள்ளிகள் அவரைக் கேட்காமலே போயின. கண் சோர்வதைப் பார்த்து, “நல்லா பண்றீங்க. நடுவுலயே பாருங்க,” என்றாள்.

டிக்.

அப்போது எந்தப் புள்ளியும் மின்னவில்லை.

“இன்னும் கொஞ்ச நேரந்தான்.”

டிக்.

சத்தத்துக்கு அழுத்துகிறவர்கள் உண்டு. அதற்காகவே கருவி இடையிடையே ஏமாற்றிப் பார்க்கும். வெளிச்சம் போடும் சத்தத்தை மட்டும் எழுப்பிவிட்டு, போடாமல் இருக்கும். அதற்கும் அழுத்தினால் இந்த ஆளின் பதிலை நம்பாதே என்று குறித்துவிடும். வாப்பா கருவியின் சத்தத்துக்கு அழுத்தவில்லை. அவள் பேசினால் அழுத்தினார். அவள் பேசாமல் இருந்தபோது, பளிச்சென்ற புள்ளிகளையும் விட்டுவிட்டு விரலை அப்படியே வைத்திருந்தார்.

நம்பத்தகாத பதில், மறுபடி எடுக்கவும் என்று கருவி சொன்னது. டாக்டரும் அதையே சொன்னார்.

மறுபடி வந்தார். புதுச் சட்டை, அத்தர். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை அவள் என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே செய்தாள். எப்போதும் சொல்கிற வார்த்தைகளுக்கு நடுவே, அதே குரலில், அதே வேகத்தில் சொன்னாள்:

“நடுவுலயே பாருங்க. எனக்கு ஒரு பொண்ணு இருக்கா.”

திரையில் அந்தக் கண் அசையவில்லை. டிக்.

“கண்ணைச் சிமிட்டிக்கலாம். மூணு வயசாகுது.”

டிக்.

“தேடாதீங்க. அவ பேரு மெஹர்.”

வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு டிக். அதன் பின்னால் உடனே இன்னொன்று.

விளக்கைப் போட்டபோது அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. “வரேம்மா,” என்றார், கடைக்காரரிடம் சொல்வதுபோல. சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார். நின்றிருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். அவளைத் தெரிந்து அழுத்தினாரா, எந்தப் பெண் குரல் கேட்டாலும் அழுத்தியிருப்பாரா? அந்தக் கேள்வியோடு அவள் வீட்டுக்குப் போனாள், சமைத்தாள், மகளுக்குத் தலை பின்னினாள். டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வேறொருத்தி அவரை உட்கார வைப்பாள்.

நாலாவது தடவையும் கெட்டுப்போனதும் டாக்டருக்குப் பொறுமை போய்விட்டது. கருவி வேண்டாம் என்று வாப்பாவைத் தன் எதிரில் முழங்கால் இடிக்க உட்கார வைத்தார். ஒரு கண்ணை மூடச் சொல்லி, தன்னுடைய கண் ஒன்றையும் மூடிக்கொண்டார். “என் மூக்கையே பாருங்க பாய். விரல் எப்பத் தெரியுதோ அப்பச் சொல்லுங்க.” திறந்த கதவு வழியாக பஹீமா பார்த்தாள். டாக்டரின் விரல் கீழேயிருந்து ஏறியது. மடியைத் தாண்டியது, வயிற்றைத் தாண்டியது, நெஞ்சைத் தாண்டியது. வாப்பா சொல்லவில்லை. விரல் டாக்டரின் தாடைக்கு வந்த பிறகுதான் “ஆங், இப்பத் தெரியுது” என்றார், பொய்யில்லாமல். டாக்டர் விரலை இறக்காமல் கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்தார்.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அந்த நாளுக்கு முன்னால் பள்ளிவாசல் படி வந்துவிட்டது.

*

“நாலு தடவ மாமா. வேலைய விட்டுட்டு நாலு தடவ கூட்டிட்டுப் போனேன்.”

ஜவஹர் அலியின் குரல் கூடத்தின் மறுபக்கத்திலிருந்து வந்தது. காஜா நஜ்முதீன் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பஹீமா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“வெளிச்சமே போடாதப்ப அமுத்துறாருங்குறாங்க. வயசான மனுசனுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடுத்து எடுக்க வேணாமா? அந்த மிஷின்ல உக்கார வெக்கிற பொண்ணு என்னா புடுங்குச்சுன்னு தெரியல. மொதத் தடவயே சரியா எடுத்திருந்தா அப்பவே ஆபரேசன். கீழ்ப்பார்வை கொஞ்சமாவது தங்கியிருக்கும். படி தெரிஞ்சிருக்கும் மாமா. ஒரே ஒரு படி.”

“விடு ஜவஹர். அல்லாஹ் போட்ட நாள்.”

“அல்லாஹ் போட்ட நாள்தான். ஆனா அந்தப் பொண்ணைப் பாத்தா நான் கேப்பேன்.”

பஹீமா கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் யாரோ, “பொம்பளைங்க முகம் பாக்குறவங்க வாங்க,” என்று கூப்பிட்டார்கள். எல்லோரும் எழுந்தார்கள்.

கபன் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். முகம் மட்டும் திறந்திருந்தது. கற்பூர வாசனையும் அத்தர் வாசனையும் கலந்து வந்தன. மூக்கில் பஞ்சு. நெற்றியின் இடப்பக்கம், படியில் பட்ட இடம், ஊதா நிறத்தில் இருந்தது. ஜவஹர் அலி தலைமாட்டில் நின்றிருந்தார். தங்கையைப் பார்த்ததும் அவருடைய தாடை இறுகியது. பெண்களுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

“பாத்துட்டுப் போகட்டும்,” என்றார் யாரையும் பார்க்காமல். “நேரமாகுது.”

அவள் குனிந்தாள். இமைகள் மூடியிருந்தன. அந்த ஒற்றை நரை இமைமுடியைத் தேடினாள். அது அங்கே இருந்தது. அந்த இமைக்குக் கீழே உள்ளதை இந்தக் கூட்டத்தில் அவளைவிடப் பெரிதாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. உம்மாகூட இல்லை. கைகளைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கைகள் துணிக்குள் போய்விட்டன.

யாரோ அவள் தோளைத் தொட்டு நகர்த்தினார்கள். சமையலறைக்குத் திரும்பியபோது ஜன்னத் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

“மதினி. விரல் எப்படி ஓடுச்சு? காட்டுங்க.”

“எப்படின்னா?”

“செஞ்சு காட்டுங்க.”

இறைவன் பெயரைச் சொல்லித் தஸ்பீஹ் எண்ணுகிறவர்களின் கட்டை விரல் ஒவ்வொரு விரலிலும் கணுக் கணுவாக ஏறி இறங்கும். ஜன்னத் வலது கையை நீட்டினாள். நான்கு விரல்களையும் எதையோ பிடித்திருப்பதுபோல வளைத்தாள். கட்டை விரலை ஆள்காட்டி விரலின் பக்கத்தில் வைத்து அழுத்தினாள். எடுத்தாள். அதே இடத்தில் மறுபடியும் அழுத்தினாள்.

“எண்ணல,” என்றாள் பஹீமா.

“என்னா?”

“ஒண்ணுமில்ல மதினி.”

“நாங்க பேசுறப்பெல்லாம் ஓடும். ரூம்ல சத்தமில்லேன்னா நின்னுடும். திக்ரு சத்தம் கேட்டுச் செய்றாருன்னு உங்க நானா பக்கத்துல உக்காந்து ஓதிக்கிட்டே இருந்தாங்க பாவம்.” ஜன்னத் தன் கையைப் பார்த்துவிட்டு, கூச்சப்பட்டதுபோல அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். “உம்மா உன்னைக் கூப்புடுறாங்க. உள்ரூம்ல.”

*

உம்மா மெஹர் பானு வெள்ளைச் சேலையில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கணவரை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கும் இத்தாவுக்காக ஜன்னல்களை மூடியிருந்தார்கள். பஹீமா உள்ளே வந்ததும், “கதவைச் சாத்து,” என்றார். அழுது முடித்த குரல்.

வெளியே உடலைத் தூக்கிப்போகும் சந்தூக்கு வந்துவிட்டது. ஆண்கள் நகரும் சத்தம், “பையத் தூக்குங்க, பைய,” என்ற குரல்.

“அந்தப் பொண்ணு நீதானே?”

பஹீமா தலையசைத்தாள். இருட்டில் அது தெரியாது என்று தோன்றி, “ஆமா உம்மா,” என்றாள்.

“நீ அங்க வேலை பாக்குறேன்னு நுஸ்ரத்து எப்பவோ சொல்லிட்டா. நான் அவருகிட்ட மூச்சு விடல. சொன்னா போவாரோ மாட்டாரோன்னு பயம். ஜவஹர்கிட்டயும் சொல்லல. நீயும் சொல்லாத. அவன் தாங்க மாட்டான்.”

“உம்மா.” பஹீமா கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். “வாப்பாவுக்குத் தெரியுமா? நான்தான்னு?”

“என்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல.”

தோள் மாற்றித் தூக்கும் சத்தம் கேட்டது. கலிமா ஒரே குரலாக எழுந்தது. கூடத்திலிருந்த பெண்கள் விம்மினார்கள். இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரல் வாசலைத் தாண்டியது, தெருவுக்குப் போனது, திரும்பியது, தேய்ந்தது.

“ஒம் பொண்ணுக்கு என்னா பேரு வெச்சிருக்கே?”

“மெஹர்.”

மெஹர் பானு சேலைத் தலைப்பை மடியில் மடித்தார். மடித்ததைப் பிரித்தார்.

“ஒருநாளு கண்ணாசுபத்திரிலேர்ந்து வந்தாரு. வாசல்ல நின்னுக்கிட்டு ‘மெஹரு’ங்குறாரு. கல்யாணமான நாள்லேர்ந்து என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டவரு இல்ல. ‘இந்தா புள்ள’தான். நான் அடுப்புல இருந்ததை அப்படியே போட்டுட்டு ஓடிவந்து ‘என்னாங்க’ன்னேன்.” அவர் தலைப்பைக் கையில் சுற்றினார். “‘ஒன்னைக் கூப்பிடல’ன்னாரு. சிரிக்கிறாரு. கண்ணோட சேத்து மூளையும் போச்சான்னு கேட்டுட்டேன். அன்னைக்கு முழுக்க அதையே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சாப்புடுறப்பவும் சொன்னாரு. தொழுதுட்டு எந்திரிக்கிறப்பவும் சொன்னாரு. நான் பதில் குடுக்கறத விட்டுட்டேன்.”

பஹீமா தரையில் உட்கார்ந்தாள். டாக்டரின் விரல் இருட்டுக்குள் கீழேயிருந்து ஏறிவருவதை அவள் பார்த்தாள். மடி, வயிறு, நெஞ்சு. தெரிகிறது என்று யாரும் சொல்லவில்லை.

கதவை ஜன்னத் மெதுவாகத் தட்டினாள். “பஹீமா, அவங்க கபுருல அடக்கிட்டு வர்றதுக்குள்ள...” என்று சொல்லிவிட்டு மீதியைச் சொல்லாமல் நின்றாள்.

மெஹர் பானு கையை நீட்டினார். இருட்டில் மகளின் தலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்தக் கை முதலில் காற்றைத் தொட்டது, பிறகு தோளைத் தொட்டது, அங்கேயே இருந்தது.

“இத்தா முடியட்டும். எனக்கும் ஓரத்துல ஒண்ணும் தெரிய மாட்டேங்குதுன்னு ஜவஹர்கிட்ட சொல்றேன். கூட்டிட்டு வந்துடுவான்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “அந்த ரூம்ல என்னையும் உக்கார வெக்கிறியா?”